எண்பத்தாறில் நடக்காத கல்யாணம்

கள்ளக்குறிச்சியில் வக்கீல் சுப்புராயன் எடுக்காத வழக்கு என்று ஒன்று இருந்தால், அது அவரிடம் வராத வழக்காகத்தான் இருக்கும். வரப்புத் தகராறு, ஜீவனாம்சம், செக் மோசடி, லாரி மோதிய மாடு, எல்லாம் ஒரே மேஜையில். பூச்சிமருந்துக் கடையின் மாடியில் அவருடைய ஆபீஸ். கட்சிக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு மேலே ஏறி, மூக்கைப் பொத்திக்கொண்டே வழக்கைச் சொல்வார்கள். அதனால் பாதி விவரம் அவருக்குக் காதில் விழாது. அதைப் பற்றி அவர் கவலைப்பட்டதும் இல்லை. கட்சிக்காரன் சொல்வதை வைத்து யாராவது வழக்கு நடத்துவார்களா என்பார்.

அந்த வருஷங்களில் சட்டம் வக்கீல்களை நிம்மதியாக இருக்க விடவில்லை. சாமான் சரியில்லை என்றால் கடைக்காரன் மேல் கேஸ் போடலாம் என்று ஒரு சட்டம் வந்தது. மோட்டார் வாகனச் சட்டம் மாறியது. ஒன்றைப் படித்து முடிப்பதற்குள் அடுத்தது வந்து நின்றது. சுப்புராயன் எதையும் படித்து முடிப்பவர் அல்ல என்பதால் அவருக்கு நஷ்டம் கொஞ்சம் கம்மி. டீக்கடையில் மற்ற வக்கீல்கள் சண்டை போடும்போது பக்கத்தில் நின்று காதில் வாங்கிக்கொள்வார்.

அப்படிக் காதில் வாங்கியதுதான் பெண்களுக்கான புதுச் சொத்துச் சட்டம். பூர்வீகச் சொத்தில் மகனுக்கு உள்ள உரிமை மகளுக்கும் உண்டு. ஆனால் எண்பத்தொன்பது மார்ச் இருபத்தைந்துக்கு முன்னால் கல்யாணம் ஆன பெண்ணுக்குக் கிடையாது. தொண்ணூறில் இந்தச் சேதி பரவியதும் பல வீடுகளில் அண்ணன் தம்பிகள் தங்கைகளின் கல்யாணப் பத்திரிகையைத் தேட ஆரம்பித்தார்கள்.

செந்தமிழ்ச்செல்வி படியேறி வந்தது அப்போதுதான். களமருதூர்க்காரி. வயது இருபத்தெட்டு இருக்கும். மூக்கைப் பொத்தவில்லை. புருஷன் பழனி பின்னால் நின்றான்.

"சார், எங்கப்பாரு போன வருஷம் தவறிட்டாரு. எங்கண்ணன் கெணத்துக் கழனிய முழுசா அவரு பேருக்கு மாத்திக்கினு இருக்காரு. எனக்குப் பங்கு கீதுன்னு சொல்றாங்களே, நெசமா?"

"ஒனக்குக் கல்யாணம் எப்பம்மா?"

"எம்பத்தொம்பது வைகாசி. கரியாலூர்ல, மலை மேல."

சுப்புராயன் மேஜையைத் தட்டினார். மார்ச்சுக்கு அப்புறம்! இந்த ஊரில் புதுச் சட்டத்தில் முதல் வழக்கு, அதுவும் தன் கையால். "கவலய வுடு. அடிச்சோம்னு வெச்சிக்க."

பழனி இருமினான். "சார், என்னத் தெரியலிங்களா? மரம் வெட்டுன கேஸு. நீங்கதான் வெளிய எடுத்தீங்க."

சுப்புராயனின் கை மேஜையிலேயே நின்றுவிட்டது.

நடந்தது இதுதான். எண்பத்தாறு சித்திரையில் இடஒதுக்கீடு கேட்டு ஒரு நாள் சாலை மறியல். அன்றைக்கென்று பார்த்து பழனிக்கும் செந்தமிழ்ச்செல்விக்கும் கல்யாணம். பத்திரிகை அடித்த பிறகுதான் மறியல் தேதியே தெரிந்தது. மணலூர்பேட்டையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வேனில் விடியற்காலையே கிளம்பினார்கள். வழியில் ரோட்டுக்குக் குறுக்கே ஒரு புளியமரம் கிடந்தது. மறியல் கூட்டத்தில் பாதிப் பேர் பழனிக்குத் தெரிந்தவர்கள். "மாப்ள வந்துட்டான்டா, ஒரு கோஷம் போட்டுட்டுப் போடா" என்றார்கள். பழனியும் கோரிக்கை நியாயம் என்று நம்புகிறவன். பட்டு வேட்டியை மடித்துக் கட்டி, மாலையோடு மரத்தின் மேல் ஏறி நின்று கையை உயர்த்தினான். அதே நேரம் போலீஸ் வேன் வந்தது.

கூட்டம் ஓடியது. பழனி கரும்புக்குள் புகுந்தான். முகூர்த்த நேரம் முழுக்கக் கரும்புத் தோகையில் உட்கார்ந்து உடம்பைச் சொறிந்துகொண்டிருந்தான். களமருதூரில் தாலியும் தவிலும் காத்திருந்து ஓய்ந்தன. மறுநாள் காலை வீட்டில் வைத்து அவனைப் பிடித்தார்கள். மரம் வெட்டியது, பஸ் கண்ணாடி உடைத்தது என்று வழக்கு. இரண்டையும் அவன் செய்யவில்லை. ஆனால் செய்யவில்லை என்பதை மட்டும் வைத்து வழக்கு நடத்த சுப்புராயனுக்கு வராது.

அவர் ஒரு கல்யாணத்தை நடத்தி வைத்தார். அந்த நாளில், அந்த நேரத்தில், என் கட்சிக்காரர் களமருதூரில் தாலி கட்டிக்கொண்டிருந்தார் என்றார். பத்திரிகையைக் கோர்ட்டில் கொடுத்தார். சாட்சிக்குப் பெண்ணின் அண்ணன் சின்னதுரையை ஏற்றினார். சின்னதுரை அப்போது பழனிக்கு உயிர் நண்பன். மேளம் யார், சாப்பாடு என்ன, பெண் கட்டியிருந்த சேலை என்ன நிறம், அத்தனையும் சுப்புராயன் ஒரு வாரம் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தது. மாஜிஸ்திரேட் தீர்ப்பில் எழுதினார்: சம்பவ நேரத்தில் எதிரியான பழனிக்குத் திருமணம் நடந்துகொண்டிருந்தது என்பது ஐயமின்றி நிரூபணம் ஆகிறது. விடுதலை.

பழனி விடுதலையானான். கல்யாணம்தான் ஆகவில்லை. பெண்ணின் அப்பா பாவாடை, "பந்தலப் போட்டு வெச்சி என்ன ஊர் சிரிக்க வெச்சவனுக்குப் பொண்ணு கெடையாது" என்று சொல்லிவிட்டார். பழனி கல்வராயன் மலைக்குப் போய், கரியாலூரில் டீக்கடை போட்டான். செந்தமிழ்ச்செல்வி மூன்று வருஷம் அப்பனோடு மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு, ஒரு நாள் மலைக்குப் போகும் வெள்ளிமலை பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

"இப்ப இன்னா சார் பண்றது?" என்றான் பழனி.

சுப்புராயனின் குமாஸ்தா பிச்சைமுத்து நல்லது சொல்லும் வழக்கம் இல்லாதவர். "சார், இத நாம எடுத்தா நம்மள நாமளே குறுக்கு விசாரணை பண்ணணும்" என்றார்.

எடுக்கக் கூடாது என்று சுப்புராயனுக்கும் தெரியும். ஆனால் முதல் வழக்கு என்ற ஆசை விடவில்லை. "கிரிமினல் வேற, சிவில் வேற. அந்தத் தீர்ப்பு இந்தக் கோர்ட்டக் கட்டுப்படுத்தாது" என்றார். சட்டப்படி அது சரி. டீக்கடையில் கேட்டதிலேயே மிகச் சரியானது அதுதான்.

சின்னதுரைக்கு வக்கீல் தமிழரசன். இளைஞர், விழுப்புரத்தில் சீனியரிடம் இருந்துவிட்டு வந்தவர், கோட்டுக்கு இஸ்திரி போடுகிறவர். அவர் கொடுத்த பதில் மனு இரண்டே பக்கம். வாதிக்கு எண்பத்தாறிலேயே கல்யாணம் ஆகிவிட்டது. அதை ஒரு நீதிமன்றமே ஏற்றிருக்கிறது. அந்த வழக்கை நடத்தியவர் இப்போது வாதிக்கு ஆஜராகும் அதே வக்கீல். கடைசி வரியின் கீழே பேனாவால் கோடு வேறு போட்டிருந்தார். அவசியப்பட்டால் சுப்புராயனையே சாட்சிக் கூண்டில் ஏற்றுவேன் என்று வக்கீல்கள் கூடும் பார் ரூமில் சொல்லிக்கொண்டிருப்பதாகவும் சேதி வந்தது. 

எண்பத்தாறில் கல்யாணம் நடக்கவில்லை என்று களமருதூரில் எல்லோருக்கும் தெரியும். சாட்சி சொல்ல ஒருவரும் வரவில்லை. சின்னதுரையின் கிணற்றுத் தண்ணீரில் அவர்களில் பாதிப் பேருக்குக் கழனி நனைந்தது. மீதிப் பேருக்கு வீட்டில் மகள்கள் இருந்தார்கள். இன்றைக்கு இவளுக்காகச் சொன்னால் நாளைக்கு அவர்களும் கேட்பார்கள்.

அதனால் சுப்புராயன் மலையேறினார். கரியாலூரில் பழனியின் டீக்கடைக்குப் பக்கத்து வீட்டுக்காரி தைலம்மாள். எண்பத்தொன்பதில் மலையில் நடந்த கல்யாணத்துக்குச் சாமைச் சோறு ஆக்கிப் போட்டவள். அவள் மரவள்ளிக் கிழங்கை உரித்துக்கொண்டே வக்கீலை மேலும் கீழும் பார்த்தாள்.

"வரேன். ஆனா ஒரே தடவதான். போன தடவ எங்க சின்னையன் கேஸுக்கு எறங்குனேன். வாய்தா, வாய்தான்னு மூணு தடவ. ஆட்ட நரி தூக்கினு போயிடுச்சி."

"இந்தத் தடவ வாய்தாவே இல்ல. நான் பொறுப்பு" என்றார் சுப்புராயன்.

தைலம்மாள் இறங்கி வந்த அன்று கோர்ட் வாசலில் ஒரு வக்கீல்கூட உள்ளே போகவில்லை. தில்லியில் மண்டல் கமிஷன் ஒதுக்கீட்டை எதிர்த்து மாணவர்கள் தெருவில் இறங்கியிருந்தார்கள். இங்கே அதை ஆதரித்து வக்கீல்கள் புறக்கணிப்பு. கோஷம் போட்ட கூட்டத்தில் முன்வரிசையில் சுப்புராயனே நின்றார். அவரையும் வாய்தா தேதி எழுதிய சீட்டையும் மாறி மாறிப் பார்த்த தைலம்மாள், கெட்ட வார்த்தை ஒன்றைச் சுத்தமாக, நிதானமாகச் சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறினாள். பிறகு அவள் இறங்கவே இல்லை.

வழக்கு மறு வருஷம் விசாரணைக்கு வந்தது. முன்சீப்புக்கு மாற்றல் உத்தரவு வந்திருந்தது. போவதற்குள் பழைய வழக்குக் கட்டுகளை முடித்துவிட வேண்டும் என்று வேகமாகத் தள்ளிக்கொண்டிருந்தார். செந்தமிழ்ச்செல்வி கூண்டில் ஏறி நடந்ததைச் சொன்னாள். தமிழரசன் அவள் முகத்தைப் பார்க்காமல் தீர்ப்பு நகலைப் பார்த்தே குறுக்கு விசாரணை செய்தார். அவள் மட்டும் அவரை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு சின்னதுரை ஏறினான். எண்பத்தாறில் தங்கைக்குக் கல்யாணம் நடந்தது, நான்தான் பக்கத்தில் நின்றேன் என்றான். குறுக்கு விசாரணைக்கு சுப்புராயன் எழுந்தார்.

"மேளம் யாரு?"

"தியாகதுருகத்து செட்டு. நாலு பேரு. அதுல ஒருத்தருக்கு ஜலதோஷம்."

ஜலதோஷம் சுப்புராயன் போட்டது. ஒரு சின்னக் குறை இருந்தால்தான் நம்புவார்கள் என்று அன்று அவரே சேர்த்தது.

"சேல?"

"அரக்குல பச்ச பார்டர். பார்டர்ல ஒரு எடத்துல சரிக பிரிஞ்சிருந்துச்சி."

அதுவும் அவர் போட்டதே. சாப்பாட்டில் ரசம் புளித்தது, தாலி கட்டும்போது பெரியப்பா தும்மியது, செருப்புத் தொலைந்தது, எல்லாம் வரிசையாக வந்து விழுந்தன. எந்தப் பக்கம் தட்டினாலும் ஓட்டை இல்லை. தான் ஐந்து வருஷம் முன்னால் கட்டிய சுவரில் தானே முட்டிக்கொண்டு நின்றார் சுப்புராயன். முன்சீப் சுவாரசியமாக எழுதிக்கொண்டிருந்தார். தமிழரசன் காலை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"வேறு கேள்வி?" என்றார் முன்சீப்.

வியர்வையில் சுப்புராயனுக்குக் கண்ணாடி நழுவியது. இல்லை என்று சொல்ல வாயெடுத்தபோது பின்னாலிருந்து யாரோ கவுனின் ஓரத்தைப் பிடித்து இழுத்தார்கள். செந்தமிழ்ச்செல்வி.

"சார், எம்பத்தெட்டு தை மாசம் என்னப் பொண்ணு பாக்க வந்தாங்க. அதக் கேளுங்க."

"இத ஏம்மா முன்னாடியே சொல்லல?"

"நீங்க எங்க சார் பேச வுட்டீங்க? அதோட, வந்தது யாருன்னும் கேளுங்க."

யார் என்று அவரிடம் காதோடு சொன்னாள். சுப்புராயன் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். சாவகாசமாக.

"சின்னதுரை, எண்பத்தெட்டு தை மாசம் ஒங்க வூட்டுக்கு ஒரு குடும்பம் வந்துச்சா? பஜ்ஜி, சொஜ்ஜி எல்லாம் செஞ்சீங்களா?"

இது பாடத்தில் இல்லாத கேள்வி. சின்னதுரை தடுமாறினான். "வந்திருப்பாங்க. சொந்தக்காரங்க."

"பொண்ணு பாக்க வந்தாங்களா?"

சின்னதுரை தோள் துண்டைச் சரிசெய்தான்.

"வூட்ல ஒங்க தங்கச்சியத் தவிர வேற பொண்ணு உண்டா?"

"இல்லிங்க."

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே கல்யாணமான தங்கச்சிக்கு மாப்ள பாத்தீங்களா? சரி, வந்த மாப்ள யாரு?"

தமிழரசன் துள்ளி எழுந்தார். "ஆட்சேபிக்கிறேன், யுவர் ஆனர். பொருத்தமில்லாத கேள்வி."

"கேள்விக்குப் பொருத்தமில்லையா, ஜாதகத்துக்கா?" என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல் கேட்டது. யார் என்று முன்சீப் பார்ப்பதற்குள் பிச்சைமுத்து குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

"சாட்சி பதில் சொல்லலாம்" என்றார் முன்சீப்.

 சின்னதுரையின் கண் தன் வக்கீல் பக்கம் போனது. முன்சீப்பின் கண்ணும் அங்கே போனது. டவாலியின் கண், டைப்பிஸ்ட்டின் கண், அடுத்த வழக்குக்குக் காத்திருந்த கரும்பு ஏஜெண்டின் கண், எல்லாம் போயின. தமிழரசன் இஸ்திரி போட்ட கோட்டோடு நின்ற இடத்திலேயே சிவந்தார்.

முன்சீப் விசாரணையை நிறுத்திவிட்டு இரண்டு வக்கீல்களையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவு சாத்தியிருந்தும் வராண்டாவுக்குக் கேட்டது.

"ஒருத்தர் நடக்காத கல்யாணத்த நடத்தி வெச்சிருக்கீங்க. இன்னொருத்தர் அந்தக் கல்யாணம் ஆன பொண்ணயே பொண்ணு பாத்துட்டு வந்திருக்கீங்க. ரெண்டு பேரையும் பார் கவுன்சிலுக்கு எழுதட்டுமா?"

"சார், அன்னிக்குப் பொண்ணு தல குனிஞ்சிருந்துச்சி. மொகம் ஞாபகம் இல்ல" என்றார் தமிழரசன்.

"அட்ரஸுமா ஞாபகம் இல்ல?"

 சுப்புராயன் பக்கம் திரும்பி முன்சீப் சொன்னது இன்னும் நீளம். அதை இங்கே எழுதினால் அவருக்கு மரியாதையாக இருக்காது. கடைசியில், "எண்பத்தாறுல சொன்னது பொய்யின்னா அந்த அண்ணன்காரன் மேல நடவடிக்கை எடுக்கலாம். அது யாருக்கும் நல்லதில்ல. நான் போறதுக்குள்ள சமரசம் பேசிட்டு வாங்க" என்று அனுப்பினார்.

சமரசம் பேசியது வக்கீல்கள் இல்லை. கோர்ட்டுக்கு வெளியே ஜெராக்ஸ் கடை நிழலில் சின்னதுரை குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். செந்தமிழ்ச்செல்வி தானாகப் போய்ப் பக்கத்தில் நின்றாள். பழனி வர எத்தனித்தபோது கையைக் காட்டி நிறுத்தினாள்.

"ஒம் புருஷன் ஜெயிலுக்குப் போவக் கூடாதுன்னுதான் நான் அன்னிக்கிக் கூண்டுல ஏறிப் பொய் சொன்னேன்" என்றான் சின்னதுரை. குரல் உடைந்திருந்தது. "அந்தப் பொய்யையே இன்னிக்கிச் சொன்னா தப்பாயிடுச்சா? அன்னிக்கி எல்லாரும் கையக் குலுக்குனீங்க."

"அன்னிக்கி நீ எங்களுக்கோசரம் சொன்ன. இன்னிக்கி யாருக்கோசரம் சொன்ன?"

அவன் தரையைப் பார்த்தான்.

"கழனிக்காக மட்டும் நான் வரல" என்றாள். "அப்பாரு செத்த சேதிய நீ ஏன் சொல்லி அனுப்பல? பழனி கடைக்கு டீ குடிக்க வந்த டிரைவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடுச்சி."

சின்னதுரை காலடி மண்ணைக் குச்சியால் கீறினான். பிறகு, "நீ வந்தா நான் அழுதுடுவேன்னு பயந்துட்டேன்" என்றான். அது காரணமே இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஆனாலும் அவள் அதை ஏற்றுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கிணற்றுக் கழனி பாதியாகப் பிரிந்தது. கிணறு பொது. தீர்ப்பு வரவில்லை, இரண்டு பேரும் ஒப்புக்கொண்டபடி சமரச டிக்ரிதான் வந்தது. ஆகவே புதுச் சட்டத்தில் முதல் வெற்றி என்று மார்தட்ட சுப்புராயனுக்கு எதுவும் மிஞ்சவில்லை. பார் கவுன்சிலுக்கு முன்சீப் எழுதவும் இல்லை. மாற்றல் ஆகிப் போகும் அன்று வழியனுப்ப வந்த சுப்புராயனிடம், "புளிச்ச ரசம் நல்ல யோசனை" என்று மட்டும் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். அது பாராட்டா, செருப்படியா என்று சுப்புராயனுக்குப் பல நாள் விளங்கவில்லை.

அதற்குப் பிறகு அவரிடம் ஒரு மாற்றம் வந்தது. கட்சிக்காரர்கள் பேசி முடித்ததும், "நான் கேக்காம வுட்டது எதுனா கீதா?" என்று கேட்க ஆரம்பித்தார். சிலர் அதைப் பிடித்துக்கொண்டு மாலை வரை பேசினார்கள். பூச்சிமருந்து வாடையில் அவர் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்து கேட்டார். பிச்சைமுத்துவுக்கு இது பிடிக்கவில்லை. ஆபீஸ் கெட்டுப்போய்விட்டது என்று டீக்கடையில் சொல்லித் திரிந்தார்.

தமிழரசன் அடுத்த தையில் சின்னசேலத்தில் பெண் பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டார். கோர்ட்டில் எல்லோருக்கும் பத்திரிகை வைத்தார். அதை வாங்கிக்கொண்ட ஒவ்வொரு வக்கீலும், "இது நடந்துடும் இல்ல?" என்று கேட்டுவிட்டே உள்ளே வைத்தார்கள்.

செந்தமிழ்ச்செல்வி மலையையும் விடவில்லை, கழனியையும் விடவில்லை. நடவுக்கும் அறுப்புக்கும் இறங்கி வருவாள். மற்ற நாளில் கரியாலூர். அண்ணன் வீட்டில் அவளுக்குச் சோறு கிடைத்தது, பேச்சு அவ்வளவாகக் கிடைக்கவில்லை. மோட்டார் ஓட கரண்ட் எந்த நேரம் வரும் என்று யாருக்கும் தெரியாத காலம் அது. ஒரு முறை பஸ் கிடைக்காமல் இரண்டு நாள் தாமதமாக வந்தவள், நாற்று காய்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே வரப்பில் ஓடினாள். அவள் பங்குக் கழனியில் தண்ணீர் கணுக்கால் அளவு நின்றது. மறுகரையில் சின்னதுரை மண்வெட்டியோடு முதுகைக் காட்டிக்கொண்டு தன் பக்கத்து மடையை அடைத்து அவள் பக்கம் தண்ணீரைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

"அண்ணா" என்று கூப்பிட்டாள்.

"இன்னா, பஸ் லேட்டா?" என்றான் அவன், திரும்பாமல்.